குறைவாகக் கேட்டாலும் மறுக்கும் மடிக்கணினித் திரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலம் நெருங்கும்போதெல்லாம் தங்கள் நாளிதழில் மடிக்கணினி விளம்பரங்கள் முழுப் பக்க அளவில் வருகின்றன. எந்த பிராசசர், எத்தனை ஜிபி ரேம், மாதத் தவணை எவ்வளவு என்பவையெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். திரையைப் பற்றிய செய்தி மட்டும் ‘15.6 அங்குலம், ஃபுல் எச்டி’ என்பதோடு முடிந்துவிடும். அந்தத் திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும், அந்த எண்ணை வாங்கியவர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள கிராபிக்ஸ் டிரைவர் (கணினியிலிருந்து திரைக்குப் படம் செல்வதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்) இடம் கொடுக்குமா என்பதை எந்த விளம்பரத்திலும் நான் கண்டதில்லை. இது பலருக்கும் அற்பமாகத் தோன்றலாம். என் தொழிலில் அது அற்பமாக இல்லை என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருமண வீடியோக்களையும் கோயில் விழா வீடியோக்களையும் எடிட் செய்து வருபவன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 சுழற்சிகளில், வருவதால், மண்டபங்களில் உள்ள டியூப்லைட்டுகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் மினுங்குகின்றன. அந்த மினுக்கம் படத்தில் பட்டை பட்டையாக விழாமலிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே கேமராவை நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) என்று வைத்துக்கொண்டு படமெடுக்கிறோம். 1982இல் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது ஏற்றுக்கொண்ட ‘பால்’ முறையும் நொடிக்கு 25 ஃபிரேம்தான்; அந்தச் சொல் இன்றும் பல கேமராக்களின் மெனுவில் இருக்கிறது.

மடிக்கணினித் திரைகளோ பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து, இயங்குகின்றன. 60ஐ 25ஆல் வகுத்தால் 2.4 வருகிறது. ஒரு ஃபிரேமை 2.4 முறை காட்ட இயலாது என்பதால், ஐந்து ஃபிரேம்களில் மூன்றை இரண்டிரண்டு முறையும் மற்ற இரண்டை மும்மூன்று முறையும் காட்டிப் பன்னிரண்டு என்ற கணக்கு சரிக்கட்டப்படுகிறது. மணமேடையில் அமர்ந்திருப்பவர்களைக் காட்டும்போது இது யாருக்கும் தெரியாது. தேர் நகர, கேமராவும் அதனுடன் மெல்லத் திரும்பிக்கொண்டே வரும் காட்சியில் அப்பட்டமாகத் தெரியும்: தேர் வழுக்கிக்கொண்டு போகாமல் விட்டு விட்டு உதறும். திரையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு முறை வரும், உதறல் இருக்காது.

சில ஆண்டுகளுக்கு முன்பு இந்த உதறலுக்காக என்னிடம் வேலை பார்த்த இளம் கேமராமேன் ஒருவரைக் கடிந்துகொண்டேன். டிரைபாடின் தலையை இறுக்காமல் திருப்பியிருக்கிறார் என்பது என் முடிவு. அவர் பதில் பேசவில்லை. அதே பதிவை வீட்டாரிடம் ஒப்படைக்கப் போனபோது அவர்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தோம். தேர் எண்ணெய் வழிந்ததுபோல் நகர்ந்தது. தவறு அவர் கையில் இல்லை, என் மேசையிலிருந்த திரையில் இருந்தது. எடிட் செய்பவனுக்குத் தான் காணும் குறை படத்தினுடையதா, திரையினுடையதா என்று பிரித்தறிய முடியாமல் போவது எத்தகைய சங்கடம் என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

2016 மகாமகத்தை ஒட்டி நான் வாங்கிய பழைய மடிக்கணினியில் இதற்கு வழி இருந்தது. கிராபிக்ஸ் டிரைவரோடு வந்த கட்டுப்பாட்டுப் பலகத்தில் ‘கஸ்டம் ரெசல்யூஷன்’ என்றொரு பகுதி உண்டு. அதில் அகலம், உயரம், வேகம் ஆகியவற்றுக்கு 1920, 1080, 50 என்று மூன்று எண்களைத் தட்டினால் திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் தெளியும். அவ்வளவுதான் வேலை. அந்தக் கணினி உழைத்த வரையில் அப்படியே பயன்படுத்தினேன். அதன் மதர்போர்டு பழுதானபின், அதைவிட எல்லா வகையிலும் வேகமான ஒன்றை வாங்கினேன். முதல் சில மாதங்கள் அதிலும் அந்தப் பகுதி இருந்தது. ஒருநாள் டிரைவர் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. பழைய கட்டுப்பாட்டுப் பலகம் போய் அழகான புதிய செயலி ஒன்று வந்தது. நான் அமைத்து வைத்திருந்த 50 ஹெர்ட்ஸ் பட்டியலிலிருந்து மறைந்தது. மீண்டும் சேர்க்க முயன்றால், இந்தத் திரை இதை ஏற்காது என்று ஒரே வரியில் மறுப்பு வருகிறது. நேற்று வரை ஏற்றுக்கொண்ட திரைதான் அது. சேவை மையத்தில் இருந்தவர், திரையில் பழுதில்லை, டிரைவரில் அந்த வசதி இல்லாவிட்டால் தங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பிவிட்டார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இது ஒரு நிறுவனத்தோடு முடியும் பிரச்சினை அன்று.

டிரைவர் வரம்பு விதிப்பதே தவறு என்று நான் வாதிடவில்லை. மடிக்கணினியின் உள் திரை, திரைகளுக்கான தரங்களை வகுக்கும் விஇஎஸ்ஏ அமைப்பு 2008இல் வெளியிட்ட இடிபி என்னும் தர முறைப்படி, மெல்லிய கேபிள் ஒன்றின் வழியே மதர்போர்டுடன் இணைகிறது. அந்தக் கேபிளில் தரவு செல்லும் இணைக்கம்பிகளை ‘லேன்’ என்பார்கள். பழக்கத்திலுள்ள ஒரு வேகத்தில் ஒரு லேனில் நொடிக்கு 2.7 ஜிகாபிட் செல்லும்; குறியீட்டு முறைக்காக ஐந்தில் ஒரு பங்கு போய்விட, படத்துக்கு எஞ்சுவது 2.16 ஜிகாபிட். இரண்டு லேன்களுக்கு 4.32. ஒரு பிக்சலுக்கு 24 பிட் வேண்டும் என்று கொண்டால், இந்தக் கேபிளில் நொடிக்கு 18 கோடி பிக்சல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. ஃபுல் எச்டி படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்ப, ஓரங்களில் விடப்படும் வெற்றிடத்தையும் சேர்த்து, சுமார் 13.85 கோடி பிக்சல்கள் தேவை. 75 ஹெர்ட்ஸ் கேட்டால் நெருக்கியடித்து இடம் கிடைக்கும். 90 கேட்டால் கிடைக்காது. அப்போது டிரைவர் மறுப்பதுதான் முறை. எட்டுப் பேர் உட்காரும் வேனில் பன்னிரண்டு பேரை ஏற்ற மாட்டேன் என்று ஓட்டுநர் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

நான் கேட்டது 50. அதே கணக்கின்படி அதற்குச் சுமார் 11.5 கோடி பிக்சல்கள் போதும். இப்போது ஓடிக்கொண்டிருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. வேனில் இருந்து ஒருவர் இறங்கிக்கொள்கிறேன் என்கிறார், ஓட்டுநர் அதற்கும் முடியாது என்கிறார். இந்த மறுப்புக்கு கேபிளின் கொள்ளளவு காரணமாக இருக்க முடியாது என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

உண்மையான காரணம் வேறிடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திரையும் தன்னைப் பற்றிய சிறு குறிப்பொன்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. இடிஐடி எனப்படும் அந்தக் குறிப்பின் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். தன் நீள அகலம் எத்தனை பிக்சல், எந்த வேகத்தில் இயங்க விரும்புகிறது என்பதை 18 பைட் கொண்ட ஒரு பகுதியில் திரை சொல்லிவிடும். மேசைக் கணினியோடு இணைக்கும் மானிட்டர்கள் இப்படிப் பல வேகங்களைப் பட்டியலிடும்; மடிக்கணினித் திரைகளில் பல, 60 என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். வேறு சில, மின்கலத்தைச் சேமிப்பதற்காக 48 அல்லது 40 ஹெர்ட்ஸையும் சேர்த்துச் சொல்லும். டிரைவர் அந்தக் குறிப்பை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறது. நாம் குறைந்த ரெசல்யூஷன் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்கூட, அந்தச் சிறிய படத்தை கிராபிக்ஸ் சிப் தானே பெரிதாக்கி, திரைக்கு எப்போதும்போல் அதன் இயல்பான அளவிலும் வேகத்திலும்தான் அனுப்புகிறது. ரெசல்யூஷனை மாற்றியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். திரைக்கு அது தெரியவே தெரியாது.

இவ்வளவும் ஊகமன்று. விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் இன்டெல் சிப்புகளுக்கான டிரைவரின் மூலநிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்திருக்கிறது. கேட்கும் அளவு திரையின் அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, கேட்கும் வேகம் திரை சொன்ன வேகத்தோடு பொருந்தாவிட்டாலோ மறுத்துவிடு என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கும் மறுப்புதான். ஆயினும், திரையின் காரணமாக மறுப்பதற்கு ஒரு குறியீடும், வேகம் வரம்பு மீறியதால் மறுப்பதற்கு வேறொரு குறியீடும் வைத்து, எதனால் என்பதைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் பொறுப்பில் வேறொரு இடிஐடி கோப்பைத் தொடக்கத்திலேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குக் கொடுத்துப் பார்க்கவும் வழி விட்டிருக்கிறார்கள். விண்டோஸிலும் திரையின் குறிப்பை மாற்றி எழுதும் முறை ஒன்று உண்டு. ஆனால் டிரைவர் அதை மதித்தால்தான் பலன்.

என் மடிக்கணினியிலேயே இன்னொரு வேடிக்கையையும் கண்டேன். அதை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தால், 50 ஹெர்ட்ஸ் என்பது கேட்காமலே பட்டியலில் வந்து நிற்கிறது. தொலைக்காட்சி உலகில் 50க்கும் 60க்கும் ஒரே பிக்சல் வேகத்தை, அதாவது நொடிக்கு 14.85 கோடியை, வைத்துக்கொண்டு, ஓரத்து வெற்றிடத்தை மட்டும் கூட்டிக் குறைத்து இரண்டு வேகங்களையும் பெறுகிறார்கள். ஆக, அதே சிப், அதே டிரைவர், அதே ஃபுல் எச்டி. வெளித் திரைக்கு உண்டு என்பதை உள் திரைக்கு இல்லை என்கிறது. தொலைக்காட்சி தன் குறிப்பில் 50ஐ எழுதி வைத்திருக்கிறது, மடிக்கணினித் திரை எழுதி வைக்கவில்லை, வேறுபாடு அவ்வளவே.

விலை உயர்ந்த திரை வாங்கினால் தீருமே என்று கடைக்காரர் ஒருவர் 144 ஹெர்ட்ஸ் மடிக்கணினியைக் காட்டினார். 144ஐ 24ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 6 வரும். திரைப்படம் பார்ப்பவருக்குப் பொருத்தம். 25ஆல் வகுத்தால் 5.76. 120ஐ வகுத்தால் 4.8. 240ஐ வகுத்தால் 9.6. விளையாட்டுக்காகச் செய்யப்படும் இந்த வேகங்களில் ஒன்றுகூட நம் 25க்கு ஒத்து வருவதில்லை. வேகம் கூடக் கூட உதறல் சிறிதாகும் என்பது உண்மைதான், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையிலானதைப்போல் கண்ணை உறுத்தாது. ஆனால் குறைந்த வேகம் வேண்டியவரை அதிக வேகத்துக்குக் காசு கொடுக்கச் சொல்வது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

இதோடு இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் கொண்ட மடிக்கணினிகளின் கதையும் சேர்ந்துகொள்கிறது. கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2010இல் ஆப்டிமஸ் என்ற முறையை அறிமுகப்படுத்தியது. அம்முறையில் உள் திரை பிராசசரோடு சேர்ந்த சிறிய கிராபிக்ஸ் பகுதியோடு இணைந்திருக்கும். பெரிய சிப் படத்தை உருவாக்கி, அதை அந்தச் சிறிய பகுதியிடம் ஒப்படைத்துவிடும். மின்கலம் நீடிக்க இது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அத்தகைய கணினிகளில் பெரிய சிப்பின் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறந்தால் ரெசல்யூஷன், ரெஃப்ரெஷ் ரேட் பற்றிய பக்கமே இருக்காது. திரையின் கயிறு அதன் கையில் இல்லாதபோது அது எதை இழுக்கும்? மக்ஸ் சுவிட்ச் என்ற ஒன்று இருந்தால் திரையை நேரடியாகப் பெரிய சிப்போடு இணைத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட மாடலில் அது இருக்கிறதா இல்லையா என்று எங்கள் ஊர்க் கடையில் கேட்டால், அப்படி ஒன்று இருப்பதையே அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் பார்க்கிறார்கள்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டால் இக்கடிதம் முறையாகாது. ஒரே மாடல் மடிக்கணினியில் இரண்டு மூன்று உற்பத்தியாளர்களின் பேனல்கள் (திரைகள்) மாறி மாறி வருகின்றன. ஒன்றில் சரியாக ஓடும் வேகம் மற்றொன்றில் மினுங்கலாம். தவறான எண்ணைக் கொடுத்துத் திரை கறுத்துவிட்டால், மேசைக் கணினிக்காரர் வேறொரு மானிட்டரை மாட்டிக்கொள்வார். மடிக்கணினிக்காரருக்குக் கதி அந்த ஒரு திரைதான். பதினைந்து நொடிக்குள் உறுதி செய்யாவிட்டால் விண்டோஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்றாலும், பதறிப்போய்ச் சேவை மையத்துக்கு ஓடுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அந்தச் செலவை நினைத்து வசதியையே எடுத்துவிடுவது நிறுவனத்துக்கு எளிது. எனினும், கேபிளின் கொள்ளளவு போதாமை ஒருவகை வரம்பு; பேனல் தாங்குமா என்ற ஐயம் இன்னொரு வகை; தலைவலி வேண்டாம் என்று நிறுவனமே போட்டுக்கொண்ட பூட்டு மூன்றாவது. மூன்றையும் ஒரே வரியில், திரை ஏற்காது என்று சொல்லிப் பயனாளரை அனுப்பிவிடுவதை என்னால் நியாயமென ஏற்க முடியவில்லை. எதனால் மறுக்கப்படுகிறது என்று டிரைவர் சொல்லட்டும். மூன்றாவது வகையாக இருந்தால், பொறுப்பு உங்களுடையது என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு வழி விடட்டும். இருந்த வசதியை ஒரு புதுப்பிப்பில் நீக்கினால், நீக்குகிறோம் என்று புதுப்பிப்பதற்கு முன்பே தெரிவிக்கட்டும். பழைய டிரைவரை மீண்டும் நிறுவிக்கொள்ளவும், விண்டோஸ் அதன்மேல் புதியதைத் தானாக ஏற்றிவிடாமல் நிறுத்தவும் வாங்கியவருக்கு உரிமை இருக்கட்டும்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை முதலியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோருக்கு அளிக்கிறது. நான் வழக்கறிஞன் அல்லன். ஒரு டிரைவரின் வரம்பு அந்த உரிமைக்குள் அடங்குமா என்பதைச் சட்டம் அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். மடிக்கணினிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு 2012ஆம் ஆண்டின் ஆணையின்கீழ் வந்தது என்றாலும், அது மின் பாதுகாப்பைப் பற்றியதே தவிரத் திரையின் இயல்பைப் பற்றியதன்று. திரை ஏற்கும் வேகங்கள் எவை, உள் திரை எந்தச் சிப்போடு இணைந்திருக்கிறது, வேகத்தை மாற்றிக்கொள்ள டிரைவர் அனுமதிக்குமா என்ற மூன்று செய்திகளைப் பெட்டியின்மேல் அச்சிட இரண்டு வரி போதும்.

அரசும் இதில் ஒரு பெரிய வாடிக்கையாளர் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளில் 1366க்கு 768 என்ற திரை இருந்தது. புதிய ரெசல்யூஷனுக்கான எண்களைக் கணக்கிடும் வழக்கமான முறை, அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எடுத்துக்கொள்ளும். 1366 எட்டால் வகுபடாத எண். லினக்ஸில் புதிய ரெசல்யூஷன் ஒன்றைக் கணக்கிட்டுச் சேர்க்க முயன்ற ஒரு மாணவர், 1366 என்று கேட்டால் 1368 என்று வருகிறதே, கணினி கெட்டுவிட்டதா என்று என்னிடம் கொண்டு வந்தார். கெடவில்லை, கணக்கு அப்படி என்று விளக்கியதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி நினைவிருக்கிறது. 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. அந்த மாணவர்களில் விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பவர்களும், என்னைப்போல் எடிட்டிங் தொழிலுக்கு வரப்போகிறவர்களும் இருப்பார்கள். இத்தகைய கொள்முதலுக்கான ஒப்பந்தப் புள்ளியில் ரேம், சேமிப்பிடம் ஆகியவற்றோடு, உள் திரை 50 ஹெர்ட்ஸையும் ஏற்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், லட்சக்கணக்கில் ஆர்டர் பெறும் நிறுவனம் பேனலின் 128 பைட் குறிப்பில் இன்னொரு 18 பைட்டை எழுதித் தர மறுக்காது என்று நம்புகிறேன். 25 ஃபிரேமில் படமெடுக்கும் நாட்டுக்கு விற்கும் கணினியில் அதைக் கேட்பது பேராசை அன்று.

இப்போதைக்கு நான் வீட்டில் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். காலை முகூர்த்தத்தில் எடுத்ததை மாலை வரவேற்பிலேயே எல்இடி திரையில் போட்டுக் காட்டச் சொல்லும் வீட்டார் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அதற்கு மண்டபத்தின் பின்னறையில் உட்கார்ந்துதான் எடிட் செய்ய வேண்டும். அங்கே தொலைக்காட்சியையும் தூக்கிச் செல்ல முடிவதில்லை என்பதால், அந்த நாட்களில் தேரோ ஊர்வலமோ உதறினால் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்படி கண்ணைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். இது பற்றித் தெரிந்த வாசகர்களோ, நிறுவனங்களின் பொறுப்பாளர்களோ தங்கள் நாளிதழின் வாயிலாகவே பதில் எழுதினால், என்னைப் போன்றவர்கள் அடுத்த கணினி வாங்கும்போது உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வீடியோ எடிட்டர், கும்பகோணம்.